ஸ்பேனரும் சட்டசபையும்

போன எபிசோட்ல மெக்கானிக்கல் கீபோர்டு பத்தி நாற்பது நிமிஷம் பேசினேன். பாதியிலேயே நிறைய பேர் ஓடிட்டீங்கன்னு டேஷ்போர்டு சொல்லுது. பரவாயில்ல. இந்த வாரம் துணி உலர்த்துற மெஷின், போன் ஸ்கிரீன், அமெரிக்க மாநிலச் சட்டசபை. மூணுக்கும் சம்பந்தம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நான் இருக்கிறது ஓரிகான் மாநிலத்துல, போர்ட்லாண்டுக்குப் பக்கத்துல பீவர்ட்டன். அக்டோபர்ல மழை ஆரம்பிச்சா வசந்த காலம் வரைக்கும் நசநசன்னு பெஞ்சுக்கிட்டே இருக்கும். கொடியில போட்டா துணி காயாது, வாடைதான் வரும். அதனால டிரையர் இங்க ஆடம்பரம் இல்ல. எங்க வீட்டு டிரையர், ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒரு குடும்பத்துக்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வயசு இருபதுக்குப் பக்கம். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டிரம் சுத்துது, காத்து வருது, சூடு மட்டும் வரல.

இங்க ஒரு மெக்கானிக் வந்து எட்டிப் பார்க்கிறதுக்கே கட்டணம் உண்டு. அந்தக் காசுக்கு இன்னொரு பழைய டிரையரே வாங்கிடலாம். சரி, கழட்டிப் பார்ப்போம்னு ஆரம்பிச்சேன். முதல்ல பிளக்கைப் பிடுங்கணும். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அமெரிக்கால சாதாரண பிளக் 120 வோல்ட்தான், ஆனா எலக்ட்ரிக் டிரையருக்கு மட்டும் தனியா 240 வோல்ட் லைன் வரும். அதுல விளையாடக் கூடாது.

பேனலைத் திறந்தா உள்ள ஒரு பிளாஸ்டிக் உறை, அதுக்குள்ள மடிச்சு வச்ச ஒரு காகிதம். முழு வயரிங் படம். எந்த பாகத்துல எத்தனை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கணும், எந்த ரெண்டு முனையில மல்டிமீட்டர் வைக்கணும், எல்லாம் அச்சடிச்சு இருக்கு. தயாரிச்ச கம்பெனியே வச்சது. இருபது வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தன் ஸ்க்ரூ டிரைவரோட வருவான்னு எதிர்பார்த்து வச்சிருக்காங்க. நான் எழுதின கோடுக்கே இவ்வளவு நல்ல டாக்குமென்டேஷன் கிடையாது.

காகிதம் சொன்ன வரிசையில செக் பண்ணேன். ஹீட்டர் காயில் நல்லா இருக்கு. அதுக்குப் பக்கத்துல இருக்கிற தெர்மல் கட்-ஆஃப் போயிடுச்சு. சூடு அளவுக்கு மீறினா தன்னையே காவு கொடுத்து கரன்டைத் துண்டிக்கிற குட்டி பாகம் அது. புதுசு சில டாலர்தான். ஆனா அது காரணமில்லாம போகாது. மெஷினுக்குப் பின்னாடி போற காத்துக் குழாயை இழுத்துப் பார்த்தா, உள்ள தலையணை பஞ்சு மாதிரி துணித் தூசி அடைச்சிருந்தது. காத்து வெளிய போக வழியில்ல, சூடு உள்ளேயே நின்னுடுச்சு. தூசியை எடுக்காம பாகத்தை மட்டும் மாத்தினா, கொஞ்ச நாள்ல மறுபடியும் போகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டையும் முடிச்சு, அன்னைக்கு ராத்திரியே துணி காய்ஞ்சது.

இப்ப கையில இருக்கிற போனைப் பாருங்க. இதுக்குள்ள காகிதம் இல்ல, சரி. பிரச்சனை அது இல்ல. பார்ட்ஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு. ஸ்கிரீன், பேட்டரி, கேமரான்னு பல பாகங்களோட சிப்லயும் ஒரு சீரியல் நம்பர். மதர்போர்டு ஆன் ஆகும்போது அந்த நம்பர் தனக்குத் தெரிஞ்சதான்னு பார்க்கும். நம்ம பாஷையில சொன்னா ஒரு ‘இஃப்’ கண்டிஷன், அவ்வளவுதான். நம்பர் பொருந்தலைன்னா எச்சரிக்கை வரும், இல்ல ஏதாவது ஒரு வசதி வேலை செய்யாது. ஒரே மாடல்ல ரெண்டு ஒரிஜினல் போன் வாங்கி, ரெண்டோட ஸ்கிரீனையும் மாத்திப் போட்டாகூட இது நடக்கும். பாகத்துல எந்தக் கோளாறும் இல்ல. கம்பெனியோட சாஃப்ட்வேர் ஆசீர்வாதம் பண்ணணும், அது இல்ல.

இங்கதான் சேலம் வருது. நம்ம மாம்பழ சேலம் இல்ல. ஓரிகானோட தலைநகர் பேரும் சேலம்தான். எங்க வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். 2024 மார்ச்ல ஆளுநர் டீனா கோடெக் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம், பழுதுபார்க்கத் தேவையான பாகம், கருவி, கையேடு எல்லாத்தையும் வீட்டுக்காரருக்கும் தனிக் கடைக்காரருக்கும் நியாயமான விலையில கொடுக்கணும்னு சொல்லுது. அதோட நிக்கல. பார்ட்ஸ் பேரிங்கை வச்சு ஒரு நல்ல பாகத்தைத் தடுக்கக் கூடாது, அதோட செயல்பாட்டைக் குறைக்கக் கூடாது, தப்பா புரிஞ்சுக்கிற மாதிரி எச்சரிக்கை காட்டவும் கூடாது. இந்த அளவுக்குப் போன முதல் அமெரிக்க மாநிலம் இதுதான். 2025 ஜனவரி 1-க்கு அப்புறம் தயாரான சாதனங்களுக்கு இந்தத் தடை பொருந்தும்.

கூகுள் இந்த மசோதாவை ஆதரிச்சது. ஆப்பிள் எதிர்த்தது. அவங்க வாதம் பாதுகாப்பு. விரல் ரேகை, முகம் பார்க்கிற சென்சார்ல யாரோ போலியைச் சொருகினா என்ன ஆகும்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு, நான் தள்ளிவிடல. மட்டமான லித்தியம் பேட்டரியும் ஆபத்துதான். ஆனா ஸ்கிரீனுக்கு என்ன? “இது வேற பாகம்”னு எனக்குச் சொல்லு, நான் முடிவு பண்ணிக்கிறேன். வசதியைப் பிடுங்கி வச்சுக்கிறது பாதுகாப்பு இல்ல, வியாபாரம்.

கையெழுத்து ஆகி ரெண்டு வாரத்துல, ஏப்ரல்ல, பழைய ஒரிஜினல் பாகங்களையும் ரிப்பேருக்குப் பயன்படுத்த வழி பண்ணித் தர்றோம்னு ஆப்பிள் அறிவிச்சது. இந்தச் சட்டத்தால மட்டும்தான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஓரிகான் மக்கள்தொகை சுமார் 42 லட்சம். சென்னையை விடச் சின்ன கூட்டம். இங்க ஒரு கமிட்டி அறையில நடக்கிற பேச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்ல கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டு போர்டு பார்க்கிற அண்ணனோட பொழைப்பு வரைக்கும் போகுது. ஏன்னா சாஃப்ட்வேர் அங்கயும் அதேதான்.

அமெரிக்க அரசியல்னா நமக்கு ட்ரம்ப், பைடன், சிவப்பு, நீலம், கத்தல். இந்த விஷயத்துல அந்தக் கணக்கு ஒத்து வராது. நீல ஓரிகான் பண்ணுச்சு. 2025-ல சிவப்பு டெக்சஸும் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கொண்டு வந்தது. டிராக்டர் ரிப்பேரை டீலர்களுக்குள்ளேயே பூட்டி வச்சதா ஜான் டியர் மேல பைடன் ஆட்சியோட கடைசி வாரத்துல ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது, ட்ரம்ப் வந்த பிறகும் அது தொடர்ந்தது. விவசாயி யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அறுவடை நேரத்துல டிராக்டர் நின்னா கோபம் ஒண்ணுதான்.

சண்டை எங்க நடக்குதுன்னா, சின்ன எழுத்துல. நியூயார்க்கைப் பாருங்க. 2022 ஜூன்ல சட்டசபையில மசோதா பாஸ் ஆச்சு. ஆளுநர் டிசம்பர் கடைசியிலதான் கையெழுத்துப் போட்டாங்க, அதுவும் திருத்தங்களோட. 2023 ஜூலைக்கு அப்புறம் தயாரான சாதனங்களுக்கு மட்டும்னு ஆச்சு. தனித்தனி பாகமா கொடுக்காம, மொத்த செட்டா கொடுத்தாலும் போதும்னு ஆச்சு. தலைப்புச் செய்தி “உரிமை கிடைச்சது”. வீட்டுல ஏற்கனவே இருக்கிற போனுக்கு எதுவும் கிடைக்கல. ஓரிகான்லயும் வீடியோ கேம் கன்சோல், மருத்துவக் கருவி எல்லாம் சட்டத்துக்கு வெளியதான்.

வாஷிங்டன்ல என்ன நிலைமைன்னா, 1998-ல வந்த டிஎம்சிஏ காப்புரிமைச் சட்டம் டிஜிட்டல் பூட்டை உடைக்கிறதையே குத்தமாக்குது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை விதிவிலக்கு கேக்கணும். 2024 அக்டோபர்ல கடைகள்ல இருக்கிற உணவு தயாரிக்கிற மெஷின்களுக்கு விதிவிலக்கு கிடைச்சது. மெக்டொனால்ட்ஸ்ல எப்பப் போனாலும் ஐஸ்கிரீம் மெஷின் ரிப்பேர்னு சொல்வாங்களே, அந்தக் கதைதான் பின்னணி. இப்ப பூட்டை நீங்க உடைக்கலாம். ஆனா உடைக்கிற கருவியை இன்னொருத்தருக்கு விற்க அனுமதி இல்ல. சாவி நீயே செஞ்சுக்கோ, கடையில வாங்காதேங்கிற மாதிரி. எனக்கு இதைப் படிச்சுச் சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியல.

என்னை மாதிரி விசாவில இருக்கிறவங்க “நமக்கென்ன, ஓட்டே இல்லையே”ன்னு கடந்து போறோம். இப்ப இருக்கிற சூழ்நிலையில அரசியல்னு வாயைத் திறக்கவே பயப்படுறாங்க, அதுவும் புரியுது. ஆனா மாநிலச் சட்டசபை கமிட்டிக்கு எழுத்துல கருத்து அனுப்ப ஓட்டுரிமை தேவையில்ல. ஓரிகான் சட்டசபை இணையதளத்துல மசோதா நம்பரைப் போட்டா, கம்பெனிக்காரங்க அனுப்பினது, ரிப்பேர் கடைக்காரங்க அனுப்பினது எல்லாம் வரிசையா இருக்கும். எஸ்பி 1596-னு தேடுங்க. ஒரு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன், நல்லா இருந்தது.

சென்னை, கோவையில போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற யாராவது இதைக் கேட்டா, ஸ்கிரீன் மாத்தின பிறகு எந்த மாடல்ல என்ன எச்சரிக்கை வருதுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கேட்கிற மாதிரி வந்தா அடுத்த எபிசோட்ல அதைப் போடுறேன். கீபோர்டு கிடையாது, வாக்கு.