கவனம் பிறவிக் குணமா?

இன்று நான் பேச வந்திருப்பது 3 வயது முதல் 5 வயது வரை உள்ள நம் ஏழைப் பிள்ளைகளைப் பற்றியாகும். இவ்வளவு சிறு பிள்ளைகளைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒருவனைப் பெரியவனான பின் "மடையன்" என்று தள்ளி வைக்கிறோமே, அதற்கு அஸ்திவாரம் இந்த வயதில்தான் போடப்படுகிறது.

கூலிக்காரன் பிள்ளை பால்வாடியில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொன்னதைக் கேட்பதில்லை, எடுத்ததை முடிப்பதில்லை. உடனே படித்தவர் "அது ஜாதிப் புத்தி" என்கிறார். பெற்றவள் "அவன் தலையெழுத்து" என்கிறாள். பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டுகிறாள். மூவர் சொல்லுவதும் ஒன்றேதான். அதாவது குற்றம் பிள்ளையின் பிறப்பில் இருக்கிறது, நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதே. இது உண்மைதானா?

1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி என்ற பெண் வைத்தியர் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். அங்கு வந்தவர்கள் யார்? தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்து, சுவரைக் கெடுத்துக் கொண்டிருந்த சுமார் 50 பிள்ளைகள். அவர்களில் சுமார் 3 வயதுப் பெண் ஒருத்தி, பல அளவுள்ள மர உருளைகளை அவற்றிற்கேற்ற குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். முடித்தாள், கலைத்தாள், மறுபடியும் பொருத்தினாள். அம்மையார் மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடச் சொன்னார். அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் அதையே செய்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், நன்றாய்த் தூங்கி எழுந்தவளைப் போல் முகம் மலர்ந்து, தானாகவே நிறுத்தினாள்.

தோழர்களே! இவள் பிரபு வீட்டுப் பெண்ணல்ல. இவளுக்கு எந்த மந்திரக்காரனும் கயிறு கட்டவில்லை. கைக்குத் தகுந்த வேலையும், குறுக்கே வந்து கெடுக்காத பெரியவர்களும் கிடைத்தார்கள், கவனம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இதே அம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைக்கென்று பிறந்த அந்த முறை இன்று என்னவாயிற்று? அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் பள்ளிகள் பல, சம்பளம் கட்டக் கூடியவனுக்கே கதவைத் திறக்கின்றன. இது வெட்கப்பட வேண்டிய விஷயமல்லவா?

நிற்க, வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு எந்த உருளையைக் கொடுத்தும் பிரயோசனமில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, நம் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் பிள்ளை சோர்ந்து போகும்; மூளையும் சரிவர வேலை செய்யாது. அதை நாம் "மந்தம்" என்கிறோம். ஆகவே 1975 முதல் நடந்துவரும் அங்கன்வாடித் திட்டத்தில் கொடுக்கும் முட்டையும், சத்துமாவும், பூச்சி மருந்தும் பிச்சையல்ல, பிள்ளையின் உரிமை. அவை ஒழுங்காய்க் கிடைக்கின்றனவா என்று போய்க் கேளுங்கள். தூக்கமும் அப்படியே. 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், திரையைப் பார்ப்பது ஒரு மணிக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அழுகையை நிறுத்த நாம் கையில் கொடுக்கும் கைப்பேசி, கவனத்தைக் கற்பிப்பதில்லை.

"ஏழைக்கு மர உருளை வாங்கப் பணம் ஏது?" என்று கேட்பீர்கள். பணம் வேண்டியதில்லை. நாலைந்து டப்பாக்களையும் மூடிகளையும் கலந்து வைத்து, எதற்கு எது என்று பொருத்தச் சொல்லுங்கள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கொட்டாங்கச்சிகளைச் சிறிது பெரிதாக வரிசை வைக்கட்டும். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் கொட்டை, மணிகளை மட்டும் கொடுக்காதீர்கள்.

இதில் முக்கியமானது என்னவென்றால், பிள்ளை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது கூப்பிடாதீர்கள், திருத்தாதீர்கள், புகழவும் செய்யாதீர்கள். அது முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது, "என்ன செய்தாய், சொல்லு" என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை காதுகொடுங்கள். நாம் அதன் பேச்சைக் கவனித்தால்தானே, அது நம் பேச்சைக் கவனிக்கும்? பெண்கள் தலையில் மட்டும் இதைக் கட்டிவிட்டு ஆண்கள் திண்ணையில் உட்காருவதும் நியாயமல்ல. தகப்பனுக்கும் இரண்டு காது இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு பிள்ளைக்கு மாறுதல் இல்லையென்றால், காதும் கண்ணும் சரியாய் இருக்கின்றனவா என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். காது கேளாத பிள்ளையைச் "சொன்னால் கேட்பதில்லை" என்று அடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவே தோழர்களே! வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்தக் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.