நிக்காஹ்வுக்கு முன் ஒரு பாதுகாப்பு
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

சபையில் பேசக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இன்று பேச வேண்டியுள்ளது. அது கருப்பைவாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி, நம் நாட்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் மரணமடைந்தனர். வெட்கத்தால் மறைத்து, நோய் முற்றிய பின் மருத்துவரிடம் செல்வதால் பல உயிர்கள் பறிபோகின்றன.

இந்நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியாகும். பெரும்பாலும் தாம்பத்திய உறவின் வழியே பரவும் இக்கிருமி, வாழ்நாளில் ஒருமுறையேனும் பெரும்பாலோரைத் தொற்றுகிறது. தானாகவே நீங்கியும் விடுகிறது. சிலரிடம் மட்டும் பல ஆண்டுகள் மறைந்திருந்து புற்றுநோயாக மாறுகிறது. ஆகவே, நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது அறியாமை, அவதூறும் ஆகும்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. 14 வயதுச் சிறுமியருக்கு இதனைச் செலுத்த, தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. அவ்வயதைக் கடந்து மணவயதில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு யார் எடுத்துரைப்பது? 2023இல் விற்பனைக்கு வந்த இந்தியத் தயாரிப்பான செர்வாவேக், 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் உரியது. கிருமி தொற்றுமுன் போட்டால்தான் முழுப்பலன் கிட்டும். எனவே, நிக்காஹ்வுக்கு முந்தைய காலமே சிறந்தது. 26 வயதைக் கடந்தோருக்குப் பலன் குறைவு. அவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கலந்துகொள்க.

பிள்ளைப்பேறு தடைபடும் என்பது வெறும் வதந்தி. இத்தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியா, 2010 முதல் தன் பள்ளி மாணவியருக்கு இதனை வழங்கி வருகிறது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதானே நம் ஹாஜிமார்கள் புனிதப் பயணம் புறப்படுகின்றனர்? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி வழிகாட்டியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

நிர்வாகத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிக்காஹ் பதிவுக்கு வரும் இரு வீட்டாரிடமும் இச்செய்தியைச் சொல்லுங்கள். வசதியற்ற பிள்ளைகளின் தடுப்பூசிச் செலவுக்கு ஜமாஅத் நிதியிலிருந்து உதவ ஆலோசியுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். தடுப்பூசி போட்டிருந்தாலும், 30 வயதைக் கடந்தோர் பரிசோதனையைத் தவறவிடலாகாது. அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சில நிமிடங்களே ஆகும். கணவன்மார்களே, நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை. அது உங்கள் மீதுள்ள அமானிதம்.

நம் இல்லங்களின் பெண்மக்களுக்கு நோயற்ற நீண்ட ஆயுளை வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.