கண் அழுத்தச் சொட்டு மருந்தும் கருவிழியும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வாரம் ஒரு மாமா வந்தார். க்ளாக்கோமாவுக்காக 7 வருஷமாகச் சொட்டு மருந்து போடுபவர். "டாக்டர், ரெண்டு மாசமா நிறுத்திட்டேன். போட்டா எரியறது, விட்டா சுகமா இருக்கு" என்றார். பிரஷர் பார்த்தேன், 28. பொதுவாக 21-க்குள் இருக்கவேண்டும். இந்த வியாதியில் நரம்பு போனால் போனதுதான், திரும்ப வராது. பெரும்பாலும் வலியே தெரியாது என்பதுதான் விபரீதம்.

ஆனால் அவர் சொன்ன எரிச்சலும் பொய்யில்லை. பாட்டிலில் கிருமி சேராமல் இருக்கப் பல மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு கலக்கிறார்கள். சோப்பு எண்ணெயைக் கரைப்பதுபோல் இது கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைக் கலைத்து, கருவிழியின் மேற்பரப்பு செல்களையும் அரிக்கும். ஒரு சொட்டில் தெரியாது. மூன்று மருந்து, தினம் 5, 6 சொட்டு, வருஷக் கணக்கில் என்றால் கருவிழியில் ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் வந்துவிடும். மணல் விழுந்தாற்போல் உறுத்தும், எழுத்து மங்கும். வயதானால் கண்ணீர் வேறு குறைவு.

மருந்தும் சில சமயம் காரணம். டிமோலால் கருவிழியின் உணர்ச்சியை மந்தமாக்கலாம்; புண் இருந்தும் உறுத்தல் தெரியாது. டார்சோலமைடு, கருவிழியின் உள்பக்க செல்கள் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு வீக்கம் உண்டாக்கலாம். கருவிழி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெடார்சுடில் போட்டால் சிலருக்குக் கருவிழியில் சுழிக்கோலம் மாதிரி படியும். பெரும்பாலும் பார்வையைக் கெடுப்பதில்லை, நிறுத்தினால் மெதுவாக மறையும்.

மாமாவுக்கு ப்ரிசர்வேடிவ் இல்லாத மருந்தாக மாற்றி, இரண்டு மருந்தை ஒரே பாட்டிலில் வருவதாகக் கொடுத்தேன். விலை கூடுதல்தான். சிலருக்கு லேசர் செய்து சொட்டுகளைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தவும் முடியும். எதுவானாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிவப்புக்கு என்று கடையில் கேட்டும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பிரஷர் ஏறிவிடும்.

ஒரு சொட்டு போதும். கண்ணை மூடி, மூக்கோரத்தை 2 நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிஷம் இடைவெளி. வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

பாட்டில் கொண்டுவந்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.