ஆயா ஏன் வாய் திறக்கவில்லை?

(ஜாலான் புசார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டுகிறவர்களுக்கும் கணக்கெழுதுகிற கிராணிமாருக்கும் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) மருந்தகத்து ஆயா ஒருவர், கட்டுத்துணி குறைந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவார். புதிதாக வந்த அதிகாரி ஒருநாள் பெரட்டில், அத்தனை பேர் முன்னிலையிலும், "உன்னை யார் கேட்டது?" என்று அதட்டினார். அன்றுமுதல் ஆயா நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். வாய் மட்டும் திறக்கவில்லை. செக்ரோலில் அவருக்கு முழு நாள் போட்டது நாமேதான்! மாதக் கடைசியில் கத்தி பட்டு ஓடிவந்தவனுக்குக் கட்டுப்போடத் துணி இல்லை.

இதே மௌனம் பெரிய ஆஸ்பத்திரியில் நேர்ந்தால் என்ன ஆகும்? இங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது டான் டோக் செங் மருத்துவமனை. 1844இல் ஏழைகளுக்கென்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2003 மார்ச்சில் சார்ஸ் நோயாளிகளை அங்கேதான் சேர்த்தார்கள். சிங்கப்பூரில் நோய் கண்டவர் 238 பேர். மாண்டவர் 33 பேர். நோய் கண்டவர்களில் பத்துக்கு நால்வர் மருத்துவ ஊழியர்கள். சீருடையோடு போன தாதியரைக் கண்டு ஊரார் ஒதுங்கினர். ஊழியர்கள் நாள்தோறும் காய்ச்சல் பார்த்துத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஏச்சுக்கு அஞ்சி ஒரு தாதி தன் காய்ச்சலை மறைத்திருந்தால் வார்டே போயிருக்கும். சொன்னவரைக் கடியாத மேலாளர் அங்கே மருந்துக்குச் சமம்.

அதற்காக இனிக்கப் பேசினால் போதுமா? போதாது. மலேசியாவில் 2016 முதல் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். கொரோனா உச்சத்தில் அவர்களை வீரர் என்று புகழாதார் இல்லை. ஆனாலும் 2021 ஜூலை 26இல் அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். கேட்டது புகழையல்ல, நிரந்தர வேலையை. படித்த டாக்டருக்கே இந்த நிலை!

துரைமார் மட்டுமா அதட்டுகிறார்கள்? மண்டோரும் அதட்டுகிறார், கிராணியும் அதட்டுகிறார். நம் கமிட்டியில்கூட, குறை சொல்ல எழுந்த பெண்ணை "உட்காரம்மா" என்று அடக்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

மருந்தகத்தில் குறை சொன்னவர்மேல் நடவடிக்கை கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். அடுத்த கமிட்டியில் இத்தீர்மானத்தைக் கொண்டுவருகிறோம். அந்த ஆயாவையும் அழைத்திருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.