நாற்காலியும் நலவாழ்வும்



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைக் கல்வியின்பால் ஆற்றுப்படுத்திய சங்கம் இது. நம் பாட்டன்மார் சேற்றில் நின்றனர். நம் பிள்ளைகள் அலுவலகங்களில் அமர்ந்துள்ளனர். இது நாம் போராடிப் பெற்ற உயர்வு. ஆயினும், அந்த நாற்காலியின் பின்னே சர்க்கரை நோயும் நம் தெருவுக்குள் வந்துவிட்டது.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனை உடலின் உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. வயிற்றில் கொழுப்பு மிகுந்து, தசைகள் உழைப்பின்றி இருப்பின், இன்சுலினின் ஆற்றல் குன்றுகிறது. ஈடுசெய்ய முயலும் கணையமும் நாளடைவில் தளர்கிறது. இதுவே இரண்டாம் வகை நீரிழிவு. பரம்பரையும் இதற்கொரு காரணமே. அதனை மாற்ற இயலாது. பழக்கத்தை மாற்ற இயலும்.

ஏர் ஓட்டியவர் உண்ட அளவுச் சோற்றையே இன்று எழுதுகோல் பிடித்தவரும் உண்கிறார். அன்று பண்டிகைக்குக் கிடைத்த வெள்ளை அரிசிச் சோறு இன்று அன்றாட உணவு. வேளைதோறும் சர்க்கரையிட்ட தேநீர். அடுத்த தெருவுக்குச் செல்லவும் வண்டி. புகைப்பழக்கமும் இந்நோய்க்குத் துணைசெய்கிறது.

பழைய கூழுக்கே திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. அது வறுமை நமக்கு விதித்த உணவு. கேழ்வரகும் அளவு மிஞ்சினால் சர்க்கரையை ஏற்றவே செய்யும். சோற்றைக் குறைத்து, கீரை, அவரை, தட்டைப்பயறு, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவோம். நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடப்போம்.

இதனால் பயன் உண்டா எனச் சிலர் வினவலாம். நோயின் விளிம்பில் இருந்தோரிடையே சென்னையில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2006-இல் வெளியானது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டோர் நோயுறுவது, மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது.

இந்நோய் தொடக்கத்தில் வலி தராது. எனவே முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில், 100 மில்லி லிட்டர் குருதிக்குச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின், தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும்.

இளைஞர்களே! ஒரு வீட்டின் முதல் பட்டதாரிக்குச் சிறுநீரகம் பழுதானால், இரு தலைமுறையின் உழைப்பு மருத்துவச் செலவில் கரைந்துவிடும். அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வியின் பயனை நெடுநாள் துய்க்க, உடலையும் பேணுவோம். இவ்வாண்டு முதல் சங்கமே பரிசோதனை முகாம் நடத்த வேண்டுமெனக் கேட்டு அமைகின்றோம்.