எம்.ஆர்.சி.பி. தேர்வும் நம் மருத்துவப் பிள்ளைகளும்
(ஜமாஅத் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் உயர்தகுதி பெற இங்கிலாந்தை நோக்கும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். அந்நாட்டார் கணக்கில் இவர்கள் அயல்நாட்டில் பயின்ற மருத்துவர்கள். இவர்கள் எழுதும் எம்.ஆர்.சி.பி. தேர்வைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். விடுப்பில் ஊர் வரும் மருத்துவச் சகோதரர்களிடம் கேட்டறிந்தவற்றையே கூறுகிறோம்.

லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ராயல் காலேஜ்கள் இணைந்து நடத்தும் இத்தேர்வு மூன்று படிகளைக் கொண்டது. முதலிரண்டும் எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு தாள்கள். தாளுக்கு 3 மணி நேரம், 100 கேள்விகள். பட்டம் பெற்று 12 மாதங்கள் பணியனுபவம் உடையவரே முதற்படிக்கு அமர இயலும். அதில் தேறியபின் 7 ஆண்டுகளுக்குள் எஞ்சியவற்றை முடித்தாக வேண்டும்.

காய்ச்சல் என்றதும் டெங்கு, டைபாய்டு. நாள்பட்ட இருமல் என்றதும் காசநோய் என்று ஓடும் மனம், அந்நாட்டில் எந்நோய் மிகுதி, அங்குள்ள சிகிச்சை நெறிகள் யாவை என்று திரும்ப வேண்டியிருக்கிறது. ஆயினும் படித்து மனத்திலிருத்தும் ஆற்றலில் நம் பிள்ளைகள் சளைத்தவர் அல்லர். பலர் தடுக்கி விழுவது மூன்றாம் படியில்தான்.

'பேசஸ்' எனப்படும் அச்செய்முறைத் தேர்வில் ஐந்து நிலையங்கள். நிலையத்திற்கு இருவராகப் பத்துத் தேர்வாளர்கள். ஏழு திறன்கள் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. ஒன்றில் வீழ்ந்தால் மற்ற ஆறும் கைகொடா. நோயாளியின் கவலையை அறிந்து அதற்கு மறுமொழி கூறுதல் அவ்வேழில் ஒன்று.

நம் ஊர்ப்புறத்தில் நடப்பது யாது? வயதான தாய் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மருத்துவரோ பின்னால் நிற்கும் மகனிடம் பேசுவார். "அத்தாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" எனப் பிள்ளைகள் தனியே அழைத்துக் கேட்பர், மருத்துவரும் இசைவார். அன்பினால் செய்வதே அது. ஆனால் அத்தேர்விலோ, நோயாளியின் சம்மதமின்றி அவர் நோயை மகனிடம் கூறுவது பிழை. அவர் அறிய விரும்பும் உண்மையை மறைப்பதும் பிழை. "உங்களுக்கு மிகவும் கவலை அளிப்பது எது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இடைமறியாதிருக்க வேண்டும். கேட்டவுடன் அறிவுரை வழங்கும் வழக்கம் (நம் ஊரில் அது யாருக்குத்தான் இல்லை?) அங்கு மதிப்பெண்ணைப் பறித்துவிடும்.

இதனைத் தனியறையில் கதவடைத்துக் கற்க இயலாது. மத்ரஸாக்களில் 'தக்ரார்' என்போம். மாணவர்கள் இரவில் கூடி, அன்றைய பாடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்பது. பேசஸ் பயிற்சியும் அத்தகையதே. ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, மற்றொருவர் கடிகாரத்துடன் தேர்வாளர்.

பெற்றோர்களே! எம்.ஆர்.சி.பி. முடித்தவர் அன்றே சிறப்பு நிபுணராகி விடுவதில்லை. இதயம், நரம்பு போன்ற துறைகளின் மேற்பயிற்சிக்கு அது ஒரு வாயில். அப்பயிற்சி இடங்களுக்கும் கடும் போட்டி உண்டு. இரவுப் பணி முடித்துப் படிக்க அமரும் பிள்ளையிடம் வாரந்தோறும் "பாஸாகிவிட்டாயா?" என்று தொலைபேசியில் கேளாதீர்கள். ஒருமுறை தவறியவர் ஊர் வரக் கூசிப் பெருநாளையும் அங்கேயே கழிப்பதை நாம் அறிவோம். கணவனும் மனைவியும் மருத்துவராயிருக்கும் வீடுகளில், "முதலில் அவர் எழுதட்டும்" என்று மருமகளின் தேர்வைத் தள்ளி வைக்கிறோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் காத்திருக்கும்போதும் அந்த 7 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

விடுப்பில் வரும் மருத்துவர்கள் கூடிப் பயில, இஷாவுக்குப் பின் மத்ரஸாவின் மாடியறையைத் திறந்து தருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டிருக்கிறோம். பெண் மருத்துவர்களுக்கு முற்பகலில் தனிநேரம் வேண்டியிருக்கிறோம். நோயாளியாக நடிக்க, ஆங்கிலம் பேசவல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முன்வர வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் தொழுகைக்குப் பின் செயலாளரைச் சந்திக்கவும்.