பிறர் அளவில் தைத்த காலணி



கணிப்பொறி ஆட்டங்களில் இளைஞர்கள் தம் கையால் செய்து சேர்க்கும் மாற்றங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவற்றை நீங்கள் ‘மாட்’ என்கிறீர்கள். வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர், அதிலும் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பெரியோர், அச்சொல்லைக் கேட்டவுடன் கால்நடையையும் தோலையும் நினைத்துவிட வேண்டாம். மாற்றம் என்று பொருள்படும் நீண்டதோர் ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதியே அது. ஒரு நிறுவனம் ஓர் ஆட்டத்தைச் செய்து விற்கிறது. அதை வாங்கிய ஒருவர், அதில் இல்லாத ஊரையோ வண்டியையோ கதையையோ தாமே செய்து அதனுள் புகுத்துகிறார். அவ்வாறு புகுத்தப்படுவதே மாட். இவை ஏன் விரைவில் பழுதாகின்றன? இவற்றைச் செய்வதற்கென்று கூடிய குழுக்கள் ஏன் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோகின்றன? இவையே நம் கேள்விகள்.

இந்தோனேசிய நாட்டின் மலேயோ என்னும் நிறுவனம் 2017-இல் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கைப்பேசி ஆட்டத்தை வெளியிட்டது. அந்நாட்டுச் சாலைகளில் பேருந்து ஓட்டுவதே ஆட்டம். வண்டியின் வண்ணப் பூச்சை ஆடுவோரே வரைந்துகொள்ளலாம். தாமே வடித்த வண்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வாசலைத் திறந்துவைத்ததுதான் தாமதம், தமிழ்நாட்டு இளைஞர்கள் நம் அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஜாவாத் தீவின் தென்னந்தோப்புகளுக்கிடையே தமிழ்ப் பெயர்ப்பலகை தாங்கிய பேருந்து ஓடுகிறது! செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்னும் ஆட்டத்திலும் நம் நாட்டு வண்டிகள் இவ்வாறே புகுந்திருக்கின்றன. இதைப் பொழுதைக் கொல்லும் வேலை என்று ஒதுக்கிவிட என் மனம் இசையவில்லை. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து, விகிதம் கண்டு, அதைத் திரையில் முப்பரிமாணமாக வடிக்கும் சிறுவன் கற்கும் வடிவகணிதத்தை வகுப்பறையில் கற்பிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், பாலிடெக்னிக்கில் படித்த நாளில், வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர் செல்லும் பேருந்து ஒன்றை இத்தகைய ஓர் ஆட்டத்திற்காக வடித்தார். எந்த ஆட்டம் என்பது இங்கு வேண்டியதில்லை. ஏழு மாதம் உழைத்தார். சன்னல் கம்பிகளின் இடைவெளி, பின்புறத்து ஏணி, படிக்கட்டில் தேய்ந்து பளபளக்கும் தகடு, ஒன்றையும் விடவில்லை. வெளியிட்டபோது எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. ஓராண்டிற்குப் பின் ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. அந்த வாரமே அவருடைய பேருந்தின் சக்கரங்கள் சாலைக்குள் புதைந்தன. பெயர்ப்பலகை வெறும் வெள்ளையாயிற்று. அப்போது அவர் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மூலப்படிவம் இருந்த மடிக்கணினியும் பழுதாகிப் போயிற்று. வெளியிட்ட கோப்பையோ, பிறர் திருடித் தம் பெயரை இட்டுக்கொள்ளாதிருக்கப் பூட்டு வைத்து வெளியிட்டிருந்தார். ஆகவே செப்பனிட முன்வந்தவர்களாலும் அதைத் திறக்க இயலவில்லை. அந்தப் பேருந்தை இன்று ஒருவராலும் ஓட்ட முடியாது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் புகட்டிய முதற்பாடம். நமக்குத் தெரிந்தது காலணி. நம் வட்டாரத் தொழிற்சாலைகளில் தைக்கப்படும் காலணிகள் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களுக்காகவே தைக்கப்படுகின்றன. காலின் வடிவில் ஒரு கட்டை உண்டு. தொழிலாளர் அதை ‘லாஸ்ட்’ என்பர். அதன்மேல் இழுத்துப் பொருத்தும் மேற்பகுதிக்கு ‘அப்பர்’ என்று பெயர். அப்பரின் ஒவ்வொரு துண்டும் அந்தக் கட்டையின் அளவுக்கே வெட்டப்படுகிறது. கட்டையின் முனை சற்றே கூராக வேண்டும் என்று வாங்குவோர் முடிவுசெய்தால் என்ன ஆகும்? வெட்டிவைத்த துண்டுகளில் தோல் நன்றாகவே இருக்கும்; தையலில் குறையிராது. ஆயினும் பொருந்தா. மாட் என்பது பிறர் கட்டையின்மேல் தைத்த அப்பர். ஆனால் தொழிற்சாலைக்கு முன்னறிவிப்பும் புதிய அளவும் வந்துசேரும். மாட் செய்பவருக்கோ பல வேளைகளில் அவை வருவதில்லை; கட்டை மாறிய செய்தியே காலணி பொருந்தாதபோதுதான் தெரிகிறது.

தொலைவில் இருப்பவர் விதியை மாற்ற, இங்குள்ள கைமுறை பயனற்றுப் போவது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. தோல் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்னும் மருந்தை ஜெர்மனி 1989-இல் தடை செய்தபோது, அந்நாட்டிற்குத் தோல் அனுப்பிய நம் பதனிடுவோர் பழகிய முறையை விட்டு வேறு முறை தேட வேண்டியதாயிற்று. அந்தத் தடை நன்மைக்கே என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்ல மாற்றமும் பழைய பொருத்தத்தைக் குலைக்கும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

ஆட்டத்திற்குள் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று நுணுகிக் காண்போம். 2011-இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ என்ற ஆட்டத்திற்கு மாட்கள் ஏராளம். அவற்றுள் பெரியவை பலவும், தொண்டர் சிலர் எழுதிய ஒரு துணைநிரலைச் சார்ந்து நிற்கின்றன. ஆட்டம் ஓடும்போது கணிப்பொறியின் நினைவகத்தில் இன்ன இடத்தில் இன்ன கட்டளை இருக்கிறது என்று அறிந்து, அவ்விடத்தில் தன் கட்டளையைச் செருகுவது அத்துணைநிரலின் வேலை. தெருவில் ஒரு கதவெண்ணுக்குக் கடிதம் போடுவது போன்றது இது. நிறுவனம் ஆட்டத்தைத் திருத்தி மீண்டும் ஆக்கினால், கதவெண்கள் மாறிவிடும். பழைய எண்ணுக்கு வந்த கடிதம் வேறு வீட்டிற்குள் போய் விழும். ஆட்டம் திகைத்து நின்றுவிடும். நம் நகரங்களில் வீட்டுச் சுவரில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கக் காண்கிறோம் அல்லவா? அதைப் போலவே ஸ்கைரிம் ஆர்வலர் ஒருவர் ஒவ்வொரு பதிப்பின் எண்களுக்கும் ஓர் அட்டவணை செய்தார். மாட் செய்வோர் நேரே கதவெண்ணைக் குறியாமல் அட்டவணையைப் பார்த்துச் செல்லுமாறு எழுதினர். சில ஆண்டுகள் தொல்லை குறைந்தது. 2021 நவம்பரில் நிறுவனம் புதியதொரு கம்பைலரைக் கொண்டு ஆட்டத்தை ஆக்கி வெளியிட்டது. இம்முறை எண்கள் மட்டுமன்று, தெருக்களின் அமைப்பே மாறிற்று. அட்டவணையையே புதிதாகச் செய்ய நேர்ந்தது. அதற்குள் விலகிவிட்ட ஆசிரியர்களின் மாட்கள் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டன.

வரைபடங்களைச் சேர்க்கும் மாட்களில் வேறொரு வகைத் தொல்லை. ஆட்டத்தின் மூலச் சாலை ஒன்றில் நாம் ஒரு கிளைச் சாலையை இணைத்திருப்போம். நிறுவனம் அந்த நகரை அழகாகத் திரும்பக் கட்டினால், நம் சாலை தொட்டுக்கொள்ள இடமின்றி அந்தரத்தில் நிற்கும்.

பெரிய குழுக்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 2015-இல் வெளிவந்த ‘ஃபால்அவுட் 4’ என்னும் ஆட்டத்தின்மேல், இலண்டன் மாநகரையே எழுப்பி ‘ஃபால்அவுட் லண்டன்’ என்ற மாட்டைத் தொண்டர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தனர். 2024 ஏப்ரல் 23 அன்று வெளியிடுவதாக அறிவித்திருந்தனர். ஆட்டத்தின் உரிமையாளரோ ஏப்ரல் 25 அன்று பெரிய திருத்தம் ஒன்றை வெளியிட்டனர். மாட்டை ஒத்திவைத்து, ஜூலை 25 அன்று வெளியிட்டார்கள். அப்போதும் ஆடுவோர் ஆட்டத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பிக்கொண்ட பின்னரே அதை ஆட முடிந்தது. நிறுவனங்களை இதற்காகத் தீயோர் என்று நான் சொல்லமாட்டேன். பிழை திருத்துவது அவர்கள் கடமை. மாட்களுக்காக எதையும் மாற்றாதிருப்போம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்ததுமில்லை. ஆயினும் மாட்களின் வலிமையாலேயே ஓர் ஆட்டம் பத்தாண்டு விற்கும்போது, திருத்தத்தின் விவரத்தைச் சில வாரம் முன்னதாகச் சொல்வது வணிக நேர்மையில் அடங்கும் என்பது என் கருத்து.

பழுதாவது ஒன்று, பழுது நீக்க ஆளில்லாமற் போவது மற்றொன்று. குழு கலைவதற்குக் காரணம் இந்த இரண்டாவதே. மாட் செய்வோர் பெரும்பாலும் உங்கள் வயதினர். பள்ளி முடிந்து கல்லூரிக்கும், கல்லூரி முடிந்து ஓசூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்கள். கூலியில்லாத வேலை இது. முதல் முறை பழுதானபோது ஆர்வத்துடன் செப்பனிடுகிறார்கள். நான்காம் முறை, ‘புதிய பதிப்புக்கு எப்போது தருவீர்கள்?’ என்று நூறு பேர் கேட்கும்போது சலித்துவிடுகிறது. பிறகு, யார் வடிவத்தை யார் திருடினார் என்ற பூசல். அதன் விளைவாகப் பூட்டு. கோப்பை வைத்திருந்த இலவசக் கிடங்கு ஒருநாள் மூடப்படுகிறது. மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் மற்றொரு வகைப் பிளவையும் காண்கிறோம். பதிப்புதோறும் மாட்களைப் புதுப்பிக்க இயலாமல், 2014-இன் 1.7.10 பதிப்பிலேயே பலர் நின்றுவிட்டனர். வேறு சிலர் 2017-இன் 1.12.2 பதிப்பில் தங்கினர். புதிய மாணவர் புதிய பதிப்புக்குப் போயினர். கற்பிப்பவர் ஓரிடத்திலும் கற்பவர் வேறிடத்திலும் இருந்தால் பள்ளி எவ்வாறு நடக்கும்?

தமிழர்களாகிய நாம் இந்நோயை வேறொரு துறையிலும் கண்டிருக்கிறோம். 1990-களில் கணிப்பொறியில் தமிழ் எழுதியவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கென்று வைத்த அறைகளில் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்தார்கள். எந்த அறையில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தம் விருப்பப்படி வகுத்தார். ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. அவர்களுள் உள்நாட்டிலும் அயல்நாட்டிலும் இருந்த தமிழ் ஆர்வலர் சிலர் கூடிப் பேசி, ‘டிஸ்கி’ என்ற பொது அட்டவணையை வகுத்து, எல்லோரும் காண வெளியிட்டனர். 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. டிஸ்கியின் காலம் கழிந்தது. ஆனால் அட்டவணை பொதுவில் இருப்பதால், டிஸ்கியில் எழுதியவற்றை இன்றும் ஒரு நொடியில் ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். அட்டவணையை வெளியிடாத எழுத்துருவில் எழுதியதை மீட்க, ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் துப்பறிய வேண்டும்.

இனி, கலையாத குழு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1993 டிசம்பர் 10 அன்று ‘டூம்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. அதை இயக்கும் நிரலை ஒரு கோப்பிலும், மாளிகைகள், ஓவியங்கள், ஒலிகள் ஆகியவற்றை ‘வாட்’ என்னும் வேறொரு கோப்பிலும் அதன் ஆசிரியர்கள் வைத்தனர். கட்டையும் அப்பரும் தனித்தனியே இருந்தன என்று கொள்ளுங்கள். 1997 டிசம்பரில் நிரலின் மூலத்தையே பொதுவில் வெளியிட்டார்கள். பழைய கணிப்பொறிகள் போனபின்னும், புதியவற்றில் டூமை ஓடச்செய்ய எவராலும் இயன்றது. ஆர்வலர்கள் நடத்திய பொதுக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. வாட் கோப்புடன் ஒரு குறிப்புத்தாளும் வைக்க வேண்டும். யார் செய்தது, எதைக்கொண்டு செய்தது, இதன்மேல் பிறர் கட்டலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் இருக்கும். 1994-இல் ஒரு மாணவன் செய்த மாளிகைக்குள் இன்றும் நாம் நடந்து செல்லலாம். டூமைச் செய்தவருள் ஒருவரான ஜான் ரொமேரோ, 2019-இல் ‘சிகில்’ என்ற புதிய பகுதியைத் தாமே வாட் கோப்பாகச் செய்து வெளியிட்டார். அதன் இரண்டாம் பகுதி 2023 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. ஆட்டத்துக்கு அன்று முப்பது வயது நிறைந்தது.